சீட்டு ஒட்டினால் போதுமா?

கேள்வி: மேற்குக் கரையிலுள்ள இஸ்ரேலியக் குடியேற்றங்களின் பேரீச்சம்பழத்தின்மீது, விளைந்த இடத்தைக் குறிக்கும் சீட்டை ஒட்டினால் போதாதா? இறக்குமதியையே தடுப்பானேன்?

பதில்: களவாடிய பசுவின் பாலை, களவுப் பசுவின் பாலென்றே எழுதி விற்றாலும் பசு உரியவன் தொழுவத்துக்குத் திரும்பிவிடாது. ஆக்கிரமித்த தேசம் தன் குடிகளை அங்கே குடியேற்றலாகாது என்று 1949-ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை விதித்திருக்க, அச்சட்டவிரோத நிலையைப் பேணும் வர்த்தகத்தைத் தடுப்பது ஏனைய தேசங்களின் கடமையென்று 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும் அபிப்பிராயம் கூறிய பின்னர், ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் கட்டாயமாக்கிய சீட்டோடு திருப்தியடைவது நியாயமன்று. 2018-லேயே மசோதா கொணர்ந்த அயர்லாந்தையும் முந்திக்கொண்டு, 2025-இல் இவ்விறக்குமதியைத் தடைசெய்த சின்னஞ்சிறு ஸ்லோவேனியாவை மனமாரப் போற்றுகிறேன்.