திருப்திதானே, அண்ணாச்சி?

கலெக்டர் ஆபீஸ்ல நடந்த முகாம்ல காது மிஷின் வாங்கிட்டு வந்திருக்கீங்கன்னு ஊரே பேசுது. உங்களுக்கு மட்டுந்தான் அது கேக்கலை. சந்தோஷம் அண்ணாச்சி. இந்த விஷயத்துல நான் உங்களுக்கு மூத்தவன், காது எனக்குத்தான் முந்திப் போச்சு. அதனால நாலு புத்தி சொல்லலாம்னு வந்தேன்.

முதல்ல, மிஷினை டப்பாவை விட்டு எடுக்கவே எடுக்காதீங்க. பீரோவுல பட்டாவுக்குப் பக்கத்துல வச்சுப் பூட்டிருங்க. தூசி படாது, வேர்வை படாது, பேரன் கையில சிக்காது. பேத்தி கல்யாணத்தன்னைக்கு எடுத்துப் போட்டுக்கிடலாம். அவளுக்கு இப்ப மூணு வயசுதானே ஆகுது?

இல்ல, போட்டே தீருவேன்னா முத நாளே கோயில் கொடைக்குப் போட்டுட்டுப் போங்க. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காருங்க. நையாண்டி மேளமும் வேட்டும் மண்டைக்குள்ள எறங்கும்போது, 'இந்தச் சனியன் நமக்கு ஆகாது'ன்னு கழட்டி மடியில முடிஞ்சுக்கிடலாம். ஆஸ்பத்திரியில காதைச் சோதிச்ச ஆடியாலஜிஸ்ட் பொண்ணு என்ன சொல்லுச்சு? 'தாத்தா, மொதல்ல வீட்டுக்குள்ள, ஒரு ஆளு கூட மட்டும் பேசிப் பழகுங்க. நேரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டுங்க. பழக வாரக்கணக்காகும்'னு சொல்லுச்சு. நாம அதைக் கேக்கலை. கேக்கிற காது இருந்தா அங்க ஏன் போறோம்?

அந்தப் பொண்ணு சொன்னதுல விஷயம் இருக்கு. வயசான காதுல மொதல்ல தேயுறது மெல்லிசான சத்தம். ச, த, க எல்லாம் மங்கிப்போயி ஆ, ஓ, ஊன்னு உயிரெழுத்து மட்டும் கணீர்னு நிக்கும். அதான் மருமக பேசுறது கேக்குது, என்ன பேசுதான்னு வெளங்கலை. பச்சப்புள்ளைங்க பேச்சு இன்னும் மோசம். மிஷினை மாட்டினா மங்கினது ஓரளவுக்குத் திரும்ப வரும். ஆனா அது கூடவே மறந்துபோன சத்தமெல்லாம் வரும்: ஃபேன், குக்கர் விசில், தட்டுல கரண்டி படுறது, நம்ம செருப்பை நாமளே தேய்க்கிறது. மூளை இதையெல்லாம் ஓரமா ஒதுக்கப் படிக்கணும். அந்தப் படிப்புக்கு நாளாகும். ரெண்டாம் நாளே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடுற பழக்கம் நமக்கு அஞ்சு வயசிலேயே உண்டுலா.

அடுத்தது செல். மிஷினுக்குள்ள பட்டன் கணக்கா ஒண்ணு இருக்குல்லா, அது காத்துல ஓடுற செல். மேல ஒட்டியிருக்க ஸ்டிக்கரைப் பிச்சதும் காத்து உள்ள போயி வேலையைத் தொடங்கிரும். பொறவு நீங்க போட்டாலும் தீரும், போடாட்டாலும் தீரும். தினம் போட்டா ஒரு வாரம், மிஞ்சிப்போனா ரெண்டு வாரம். முகாம்ல கொடுத்த செல் அட்டை காலியான பொறவு நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில கேட்டா எண்ணெயும் மிட்டாயும் இருக்கு தாத்தாம்பான். பஸ் ஸ்டாண்டு வாட்ச் கடைக்காரர் ஒரு செல்லை எடுத்து நீட்டுவாரு, அது வாட்சுக்குள்ளது. டவுனுக்குப் போகணும், பஸ்ஸுக்குக் காசு, செல்லுக்குக் காசு, கூட வார பையனுக்குப் பரோட்டா. மூணாவது மாசம் மிஷின் பீரோவுக்குப் போயிரும். இலவச மிஷின்ல இலவசமா இல்லாதது இந்தச் செல் ஒண்ணுதான், ஆனா அது இல்லாம மிஷினே இல்ல.

பொறவு இந்த விசில். நீங்க தெருவுல போகும்போது 'கீய்ய்'னு ஒரு சத்தம் கேட்டு நாயெல்லாம் எந்திரிச்சுப் பாத்துச்சாமே? மிஷின்ல பழுதில்லை. காது ஓட்டையில மிஷின் நுனி சரியா அடையாம, வெளிய கசியுற சத்தத்தை மைக் திரும்பப் பிடிக்கு, அதான் கத்துது. ஒவ்வொருத்தர் காதுக்கும் அச்சு எடுத்து மோல்டு செஞ்சு கொடுத்தா இது அடங்கும். முகாம்ல முந்நூறு பேரு வரிசையில நிக்கும்போது அச்சு எடுக்க எங்க நேரம்? சின்னது, நடு, பெருசுன்னு ரப்பர் நுனி இருக்கும், ஒண்ணை மாட்டி அனுப்பிருவாங்க. எனக்கு மாட்டினது யாரோ யானைப்பாகனுக்குச் செஞ்சது.

இவ்வளவும் நடந்த பொறவுதான் கணக்கு எடுக்கிற பையன் ஒருத்தன் தாளோட வருவான். 'மிஷின் திருப்தியா தாத்தா?' நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். 'ரொம்பத் திருப்தி தம்பி, மகராசன் நல்லா இருக்கணும்.' ஏன் சொல்லுதோம்? தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கப்படாதுன்னு நமக்குப் பழக்கிவிட்டிருக்காங்க. குறை சொன்னா அடையாள அட்டையைப் புடுங்கிருவாங்களோன்னு ஒரு பயமும் உண்டு. பையன் வேற வெயில்ல வேத்து வந்திருக்கான், பாவம். அவன் 'திருப்தி'ன்னு ஒரு டிக் போடுவான், நீங்க மோர் கொடுப்பீங்க. அந்த டிக்கெல்லாம் மேல போயி, நூத்துக்கு இத்தனை பேருக்குத் திருப்தின்னு அறிக்கையாயிரும். பீரோவுக்குள்ள இருக்க மிஷின்கிட்ட யாரும் கேக்கலை.

இதைச் சரியாக் கேக்கிறதுக்கும் வழி இருக்கு. உலகம் பூரா இதுக்குன்னு ஒரு கேள்வித்தாள் வச்சிருக்காங்க, ஏழே கேள்வி. முதக் கேள்வியே, கடந்த ரெண்டு வாரத்துல ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போட்டீங்கன்னுதான். எழுதினவன் கிழவன்மாரை நல்லா அறிஞ்சவன். இன்னொரு கேள்வி, உங்க காதால மத்தவங்களுக்கு எவ்வளவு தொந்தரவுன்னு. அதுக்கு நாம பதில் சொல்லப்படாது, வீட்டுல இருக்க மகராசிதான் சொல்லணும். அவங்களுக்குன்னே தனித் தாளும் உண்டாம். அதை மட்டும் நம்ம ஊருக்குக் கொண்டுவந்துராதீங்கப்பா.

வெள்ளைக்காரன் ஊர்ல 1948-லயே தேசிய மருத்துவச் சேவையில மெட்ரெஸ்கோன்னு காது மிஷினை இலவசமாக் கொடுத்தான். அங்கயும் மேஜை டிராயர்ல தூங்குற மிஷின் இருக்கு. அதனால இது நம்ம ஊரு சோம்பேறித்தனம் மட்டும் இல்ல. ஆனா அதைச் சொல்லி நாம தப்பிக்கவும் வேண்டாம்.

தானம் தானம்னு கும்பிடுறதை மட்டும் விட்டுருங்க அண்ணாச்சி. மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவி கொடுக்க மத்திய அரசு 1981-லயே திட்டம் போட்டாச்சு. அறுபது வயசைத் தாண்டின ஏழை பாழைக்குன்னு வயோஸ்ரீ திட்டம் 2017-ல வந்துச்சு. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டம், ரெண்டு காதுலயும் பேச்சுச் சத்தத்துல 60 டெசிபல்ல இருந்து 70 வரைக்கும் போயிருந்தா செவித்திறன் குறைஞ்சவர், 70 போயிருந்தா காது கேளாதவர்னு கணக்கு எழுதி வச்சிருக்கு. தீப்பெட்டி வாங்கினாக்கூட வரி கட்டுத ஆளு நீங்க. உங்க மாடுதான், பல்லைப் பிடிச்சுப் பாருங்க.

ஆபீசர் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. மிஷின் கொடுக்கிற நாளை மாலை, மைக், போட்டோன்னு நல்லா நடத்துதீங்க. கொடுத்த ஒரு மாசத்துல அதே ஆளுங்களை ஒரு தரம் திரும்பக் கூப்புடுங்க. போட்டோக்காரர் வேண்டாம், ஆடியாலஜிஸ்ட் போதும். அச்சு எடுங்க, சத்தத்தைக் கூட்டிக் குறைச்சு விடுங்க, குழாய்ல அடைச்ச குறும்பியை எப்படித் துடைக்கணும்னு காட்டுங்க. செல்லை ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரஷர் மாத்திரையோட சேத்துக் கொடுங்க. கணக்கு எடுக்கப் போற பையன் 'திருப்தியா?'ன்னு கேக்கவே வேண்டாம். 'கடைசியா எப்ப செல்லு மாத்துனீங்க?'ன்னு கேக்கட்டும். அதுக்குப் பொய் சொல்ல எங்களுக்கு வராது, தேதி ஞாபகம் இருக்காதுல்லா.

உங்களுக்கு வருவோம். மகன் கடன் கேக்கும்போது செவிடாயிருக்கதுல ஒரு சுகம் உண்டு, எனக்கும் தெரியும். அந்த நேரம் கழட்டிக்கோங்க, யாரு தடுத்தா? மத்த நேரம் காலையில ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி வீட்டுக்குள்ள போட்டுப் பழகுங்க. ராத்திரி கழட்டும்போது செல் மூடியைத் தொறந்து வையுங்க. வேர்வை பட்டா துணியால துடைங்க, முந்தானையில வேண்டாம்.

வர்ற திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள். செல்லும் மோல்டும் கேட்டு மனுக் கொடுக்கப் போறேன், நீங்களும் வாங்க. மனுவுல அடையாள அட்டை நம்பரையும் மிஷின் கொடுத்த தேதியையும் மறக்காம எழுதுங்க. மனுவுக்கு ரசீது வாங்காம விடாதீங்க.