காப்பித் துறவியார்

துறவிகளில் பல வகையினர் உண்டு. மண்ணாசையை விட்டவர் நமக்கு ஒரு மனைக்கட்டு இருப்பதைக் கண்டு வருந்துவதில்லை; பொன்னாசையை விட்டவர் நம் விரலில் கிடக்கும் மோதிரத்தைக் கழற்றச் சொல்வதில்லை. காப்பியை விட்டவர் மட்டும் இந்தப் பொது விதிக்கு விலக்கானவர். அவர் துறந்தது ஒரு டம்ளர் பானத்தைத்தான் என்றாலும், அந்தத் துறவின் பலனைத் தாம் ஒருவராகவே அனுபவிக்க அவருடைய பரோபகார சிந்தை இடங்கொடாதாகையால், தபால்காரர், பால் கணக்குக்கு வந்தவர், பெண்ணுக்கு ஜாதகம் கொண்டுவந்தவர் என்ற பேதமின்றி, அவர் வீட்டு வாசற்படி ஏறியவர் எவராயினும் அதில் ஒரு பங்கு பெற்றுக்கொண்டே திரும்ப வேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த காப்பித் துறவியார் குடியிருப்பது கும்பகோணத்தில். அந்த ஊரின் பெயரைப் பலகையில் எழுதி, பித்தளை டம்ளரும் டபராவும் அடுக்கி வைத்து, நெடுஞ்சாலை நெடுகிலும் டிகிரி காப்பி விற்றுப் பிழைக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்க, மூலஸ்தானத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஒருவர் காப்பி வேண்டாமென்பது, காசியில் வீடு கட்டிக்கொண்டு கங்கையில் கால் நனைக்க மாட்டேன் என்று விரதம் பூணுவதற்குச் சமானம். அதைக் காட்டிலும் கடினம் என்றே சொல்லலாம். கங்கை விடியற்காலையில் அடுத்த வீட்டு ஜன்னல் வழியாக வந்து மூக்கைத் துளைப்பதில்லை.

கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றில் 35 வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் அவர். நாளொன்றுக்கு ஐந்து டம்ளர், முதல் டிகாக்‌ஷனில், பசும்பால் விட்டு, கள்ளிச்சொட்டாகச் சாப்பிட்டு வந்தவருக்கு இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. டாக்டரிடம் போனார். "மாலை நாலு மணிக்கு மேல் காப்பி வேண்டாம்" என்று டாக்டர் ஒரே ஒரு வாக்கியந்தான் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு குடும்பத்துக்கும் ஒரு தெருவுக்கும் நன்மை செய்தவராகியிருப்பார். படித்த டாக்டராகையால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்: சாயங்காலம் ஐந்து மணிக்கு உள்ளே போன காபீனில் ஏறத்தாழப் பாதி இரவு பத்து மணிக்கும் உடம்பில் தங்கியிருக்கும், அதில் பாதி விடியற்காலை மூன்று மணிக்கும் இருக்கும் என்று. கேட்ட மாத்திரத்தில் கணக்கருடைய நெஞ்சு திடுக்கிட்டது. பாதி கழிந்து பாதி நின்று, நின்ற பாதியிலும் பாதி கழிந்து பாதி நின்று, இப்படியே போனால் இந்தப் பற்று எந்த யுகத்தில் பைசலாகும்? "35 வருஷத்தில் ஒரு பைசா பாக்கி வைத்து நான் பேரேடு மூடினதில்லை, ஓய்! என் இரத்தத்தில் மட்டும் பாக்கி நிற்கச் சம்மதிப்பேனா?" என்று என்னைக் கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பூஜை அறையில் கற்பூரம் ஏற்றிவிட்டு, காப்பியை அடியோடு விட்டார்.

விடுகிற நாள் எளிது. அதன் மறுநாள்தான் கடினம். பல வருஷம் தவறாமல் காப்பி அருந்தியவர் சட்டென்று நிறுத்தினால் ஒரு நாளைக்குள் தலைவலி தொடங்குவதும், இரண்டாம் நாள் அது உச்சத்துக்குப் போவதும், ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே விடைபெறுவதும் வைத்தியர்கள் அறிந்த விஷயம். சிறிது சிறிதாகக் குறைத்திருந்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் வந்திராது. துறவியாரோ அதை வாடைக் காற்றின் செயல் என்று தீர்மானித்து, வடக்கு ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். வாசலில் காய்கறி விற்றவளைக் குரலைத் தாழ்த்தி விற்கச் சொன்னார். மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கினார். சற்றைக்கெல்லாம் வலி பறந்தது. "பார்த்தீரா? வைராக்கியத்தின் முன்னே வலி நிற்குமா?" என்று அவர் என்னிடம் மார்தட்டிக்கொண்டிருக்கையில், பள்ளியில் படிக்கும் பேத்தி மாத்திரை அட்டையைத் திருப்பிப் படித்து, "தாத்தா, இதில் பாராசிட்டமாலோடு காபீனும் போட்டிருக்கிறது" என்றாள். அப்போது அவர் முகம் போன போக்கை வர்ணிக்க நான் கவியாகப் பிறந்திருக்க வேண்டும். பிராயச்சித்தமாக அன்று பொழுது சாயும்வரை சீரகத் தண்ணீர் தவிர வேறொன்றும் அவர் வாயில் படவில்லை.

வலி போயிற்று. ஆனால் காலை ஆறு மணி போகவில்லை. அது நாள்தோறும் வந்துகொண்டிருந்தது. ஒரு கையில் சூடாக டம்ளர் இல்லாவிட்டால் மறு கையில் பத்திரிகையை எப்படிப் பிடிப்பதென்றே அவருக்கு விளங்கவில்லை. ஆகவே, காப்பி அல்லாத காப்பியைத் தேடும் திக்விஜயம் ஆரம்பமாயிற்று.

முதலில் கோதுமை. காந்தியடிகள் ஆரோக்கியத்தைப் பற்றி எழுதியபோது, காப்பியை விடமுடியாதவர்களுக்கென்று, கோதுமையைச் சிவக்க வறுத்துப் பொடித்துக் காப்பி போலப் போட்டுக்கொள்ளும் முறை ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் போஸ்ட் என்பவர் 1895-ல் கோதுமைத் தவிட்டையும் கரும்புப் பாகையும் சேர்த்து வறுத்து, போஸ்டம் என்று தம் பெயரையே அதற்குச் சூட்டி விற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்தார். ஒருவர் சத்தியத்தையும் மற்றவர் விளம்பரத்தையும் துணையாகக் கொண்டவர்களாயினும், துறவியார் இருவரையும் ஒரே மூச்சில் மேற்கோள் காட்டுவார். பதமாக வறுத்தால் கோதுமைக் காப்பி நல்ல வாசனையுள்ள பண்டந்தான். இவரோ சிவப்பு எங்கே முடிந்து கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆராய்ந்து முடிப்பதற்குள், வாணலியிலிருந்து எழுந்த புகையைக் கண்டு எதிர் வீட்டுக்காரர் வாளியும் தண்ணீருமாக ஓடிவந்தார். ஓடிவந்தவருக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது. எதிர் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் புகையைக் கண்டால் தம் வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்.

அடுத்து வந்தது சிக்கரி. இதில்தான் விதியின் பெரிய பரிகாசம் இருக்கிறது. காப்பி குடித்த காலமெல்லாம் கலியாண வீடுகளில் முதல் வாயிலேயே "சிக்கரி" என்று தீர்ப்புக் கூறி, சம்பந்திகள் முகம் சுண்டும்படி டம்ளரைக் கீழே வைத்தவர் இவர். அந்தச் சிக்கரி என்பது நீலப் பூப் பூக்கும் ஒரு செடியின் வேர் என்றும், அதில் காபீன் இம்மியளவும் இல்லையென்றும், 1806-ல் நெப்போலியன் ஆங்கிலேயருடைய வர்த்தகத்துக்குத் தடைபோட்ட பிறகு, காப்பிக்கொட்டை அரிதாகிவிட்ட பிரெஞ்சுக்காரர்கள் அந்த வேரைக் கொண்டே காலந்தள்ளினார்களென்றும் தெரியவந்தபோது, முப்பது வருஷமாக மாமியார் வீட்டில் தள்ளி வைத்திருந்த பெண்ணைத் திரும்ப அழைத்து வருகிறவரைப் போல அவர் உருகிவிட்டார். சட்டப்படி காப்பிக் கலவையில் நூற்றுக்கு 51 பங்காவது காப்பி இருக்க வேண்டும். சிக்கரி 49 பங்கு வரை இருக்கலாம். "அப்படியானால் கலவை குடிக்கிறவன் ஏற்கனவே நூற்றுக்கு 49 பங்கு யோகி ஓய்!" என்று கணக்குப் போட்டார். தனிச் சிக்கரியை பில்டரில் போட்டு இறக்கியும் பார்த்தார். நிறம் இருந்தது, கசப்பு இருந்தது, கருகிய வெல்லத்தின் வாடை கூட இருந்தது. காப்பியின் மணம் மட்டும் வரவில்லை. பந்தலும் மேளமும் தயாராக இருந்து மாப்பிள்ளை ரயிலைத் தவறவிட்ட முகூர்த்தம் போல இருந்தது.

பிறகு மூலிகைகள். துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப் புல் எல்லாம் அணிவகுத்து வந்தன, அணிவகுத்தே போயின. ஆவாரம்பூவை மொட்டைமாடியில் நிழலில் உலர்த்திக் கொதிக்க வைத்தால் பொன்னிறமாக, இலேசான துவர்ப்போடு இறங்கும் நீர் உண்மையிலேயே நாவுக்கு இதமானது. எத்தனை இதமாக இருந்து என்ன? துறவியாரிடம் அகப்பட்ட மூலிகை எதுவானாலும் அதில் பால் ஊற்றி, சர்க்கரை போட்டு, முழ உயரத்திலிருந்து ஆற்றி, நுரை எழுப்பி, டபராவில் வைத்துக் கொடுத்தால்தான் அவருக்குத் திருப்தி. செம்பருத்தி பாலோடு சேர்ந்து சாயப்பட்டறை வாய்க்கால் போலாயிற்று. பச்சை இஞ்சிச் சாற்றில் பாலை ஊற்றினால் திரிந்து போகும் என்பதும், வெல்லம் போட்டுக் கொதித்தாலும் அதே கதிதான் என்பதும் அடுப்படியில் நிற்கும் சிறுபெண்ணுக்கும் தெரியும். பண்டகசாலைப் பேரேட்டில் அது ஏறியிருக்கவில்லை. சங்குப்பூ நீரில் மட்டும் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து நீலத்தை ஊதாவாக்கிக் காட்டினார். அன்று பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள். அவருடைய ஆராய்ச்சிக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. நடுவில் பதினைந்து நாள், ஏதோ பச்சிலை என்ற எண்ணத்தில் கிரீன் டீயைக் குடித்துவிட்டு அயர்ந்து தூங்கினார். கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் ஒரே செடியின் இலை, இரண்டிலும் காபீன் உண்டு என்று பேத்தி சொன்ன அன்றிரவுதான் அவருக்குத் தூக்கம் போயிற்று.

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ரூயிபாஸ் என்று ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனார். தென்னாப்பிரிக்காவில் சீடர்பெர்க் மலைப்பக்கத்தில் விளையும் ஒரு புதர்ச் செடியின் இலை அது. ஊசி போன்ற இலையை நறுக்கிப் பதப்படுத்தினால் செம்புநிறம் கொள்ளுமாம். காபீன் இயற்கையிலேயே இல்லை. பால் விட்டாலும் திரியவில்லை, முறைக்கவில்லை. சாதுவான தேநீரைப் போல, கொஞ்சம் தித்திப்பாகவும் இருந்தது. துறவியார் ஒரு வாய் குடித்தார். மறுபடி ஒரு வாய் குடித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் யோசித்து, "இதில் ஏதோ சூது இருக்கிறது. நன்றாயிருக்கிறதே!" என்றார். டப்பா அன்றே அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டது. குடிக்கும்போது கண்ணில் நீர் வராத பானம் உடம்புக்கு எப்படி நன்மை செய்யும் என்பது அவருடைய சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தின்படியே, பேரேட்டுத் தாளில் கோடு போட்டு, இன்ன கிழமைக்கு இன்ன காப்பி என்று ஓர் அட்டவணை எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

அவருடைய சகதர்மிணி இந்த யாகங்கள் எதிலும் குறுக்கிட்டதில்லை. தமக்கு வேண்டிய காப்பியைக் கொல்லைத் தாழ்வாரத்தில் தாமே கலந்து, கிணற்றடித் துளசியைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். ஐப்பசியில் ஒருநாள் மாலை, தெருவெல்லாம் வெள்ளமாக மழை ஊற்றிக்கொண்டிருந்தபோது நானும் அங்கே அகப்பட்டுக்கொண்டேன். அந்த அம்மாள் உள்ளே போனார். சுக்குக்குப் புறத்திலே நஞ்சு என்பார்களாகையால் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தட்டினார். அதைப்போல் இரண்டு பங்கு கொத்தமல்லி விதையை வாசனை எழும்வரை வறுத்தார். நாலு மிளகு, ஓர் ஏலக்காய். கருப்பட்டியைத் தனியே கரைத்து மண் போக வடிகட்டினார். எல்லாம் சேர்ந்து ஒரு கொதி வந்ததும் பால் இன்றி, நுரை இன்றி, பெயர் இன்றிக் கொண்டுவந்து வைத்தார். துறவியார் பேச்சுச் சுவாரசியத்தில் குடித்துவிட்டு, வெறும் டம்ளரைப் பார்த்து வியப்படைந்து, இன்னொரு டம்ளர் கேட்டு, அதையும் முடித்த பிறகே சுயநினைவுக்கு வந்தார்.

"இது எந்தக் கிழமைக் காப்பி?" என்றார்.

"கிழமை என்ன கிழமை? மழைக்குப் போட்டேன்" என்றார் அந்த அம்மாள்.

"அளவு சொல்லு, எழுதிக்கொள்கிறேன்."

"கண்ணளவுதான்."

கண்ணளவை எந்தப் பத்தியில் எழுதுவது? பேனாவை மூடிவிட்டார். காப்பிக்கொட்டை ஒன்றுகூடப் படாத அந்தப் பானத்துக்கு நம்மவர்கள் எந்தத் தலைமுறையிலேயோ சுக்குக் காப்பி என்று பெயர் வைத்துவிட்டார்கள். மதுரை போன்ற ஊர்களில் பொழுது சாய்ந்தால் அதைப் பாத்திரத்தில் நிரப்பிச் சைக்கிளில் கட்டித் தெருத்தெருவாக விற்று வருகிறார்கள். வாங்கிக் குடிக்கிறவர்களில் யாரும் எதையும் துறந்தவர்களல்லர்.

வாசகர்கள் இவ்விடத்தில் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதை நான் அறிவேன். ஏதோ ஓட்டலின் பின்கட்டில், துண்டால் தலையை மூடிக்கொண்டு, துறவியார் திருட்டுத்தனமாகக் காப்பி குடிப்பதை நான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. விட்ட நாளிலிருந்து ஒரு சொட்டும் அவர் தொட்டதில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன். ஆனால் கடைத்தெருவில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. சகதர்மிணிக்கு வேண்டிய பொடியை அவரே போய் வாங்குகிறார். அரைக் கிலோவாக வாங்கி வைத்தால் மாதத்துக்கு ஆகும் என்று அந்த அம்மாள் சொல்லிப் பார்த்தாயிற்று. பொடி பழசானால் மணம் போய்விடும் என்று சொல்லி, மூன்று நாளைக்கு ஒருமுறை 50 கிராம் வாங்குகிறார். அவருடைய முறை வந்தாலும் பின்னால் நிற்பவரை முன்னே போகச் சொல்லிவிட்டு, வறுக்கும் உருளையின் பக்கமாக ஒதுங்கி நிற்கிறார். அரைத்த பொடி சூடு ஆறுமுன் பொட்டலமாகக் கைக்கு வந்ததும், தோளில் பை தொங்கிக்கொண்டிருக்க, அதைச் சட்டைப்பையில், நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, வழியில் யாரோடும் பேசாமல் வீடு திரும்புகிறார்.

கும்பகோணத்துக்குப் போகும் அன்பர்கள் அவரைத் தாராளமாகப் பார்க்கலாம், நல்ல மனிதர். மழை பெய்யும் மாலையாகப் பார்த்துப் போனால் அந்த அம்மாளின் கையால் சுக்குமல்லிக் காப்பி கிடைக்கும். புதன்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்றைக்கு வெந்தயம்.