சும்மா ஆடுமா வால்?

இந்த முறை வந்த கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே ரேடியோ ஹெலிகாப்டரின் வாலைப் பற்றியவை. தலையைப் பற்றி ஸ்கூடாய் வட்டாரத்தில் யாருக்கும் கவலையில்லை போலிருக்கிறது. சரி, வாலைப் பிடித்துக்கொண்டே போவோம்.

கே: என் 450 ஹெலி பறக்கும்போது, எஜமானைக் கண்ட நாய்க்குட்டி மாதிரி வாலை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. கைரோ போய்விட்டது, புதிது வாங்கு என்கிறான் நண்பன். வாங்கட்டுமா? – வாசகர், தாமான் உங்கு துன் அமினா

ப: நண்பர் கைரோ விற்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பார்கள். அதற்காகக் குடுமியையே மாற்றியவர் யாரும் இல்லை. மூக்கு கொஞ்சம் திரும்பினாலும் கைரோ அதை உணர்ந்து, வால் செர்வோவிடம், அதாவது வால் பிளேடுகளின் கோணத்தை மாற்றும் குட்டி மோட்டாரிடம், ‘திருத்து’ என்கிறது. எவ்வளவு அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் கெய்ன். கெய்ன் கூடிப்போனால், இடப்பக்கம் விலகியதைத் திருத்தப்போய் வலப்பக்கம் தள்ளிவிடும். அதைத் திருத்தப்போய் மறுபடி இடம். ஆகவே காசில்லாத வைத்தியம் முதலில்: கெய்னை ஐந்து ஐந்தாகக் குறையுங்கள். ஆட்டம் நின்றதா? இன்னும் இரண்டு புள்ளி இறக்கி வைத்துவிட்டு, மாமாக் கடைக்குப் போய் ஒரு தே தாரே குடியுங்கள்.

நிற்கவில்லையா? அல்லது கெய்னைப் பாதாளத்துக்கு இறக்கிய பிறகே நின்று, இப்போது வால் பிடிப்பில்லாமல் அலைகிறதா? அப்படியானால் கோளாறு மின்சாரத்தில் இல்லை, இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் இருக்கிறது. செர்வோவிலிருந்து வாலுக்குப் போகும் கம்பியைக் கழற்றுங்கள். வால் தண்டின்மேல் இருக்கும் ஸ்லைடரை விரல் நுனியால் தள்ளிப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி போல ஓட வேண்டும். நடுவில் எங்காவது பிடித்தால் தண்டு வளைந்திருக்கும், அல்லது தூசியும் எண்ணெயும் சேர்ந்து களியாகியிருக்கும். அடுத்து பால் லிங்குகள், அதாவது கம்பி முனையில் இருக்கும் பந்து மூட்டுகள். அவற்றில் அரை மில்லிமீட்டர் லொடலொடப்பு போதும், கைரோ சொல்வதில் பாதியை அது விழுங்கிவிடும். விழுங்கியது தெரியாமல் கைரோ இன்னும் கொஞ்சம் தள்ளும், மொத்தமும் ஒரே நேரத்தில் வாலுக்குப் போய்ச் சேரும்.

பிறகு செர்வோவின் கை, அதாவது ஹார்ன். லிங்கின் பந்தைக் கடைசித் துளையில் மாட்டியிருந்தால் ஒரு துளை உள்ளே தள்ளுங்கள். வால் பிளேடு போல்ட்டை உடும்புப்பிடியாக முறுக்கியிருந்தால் தளர்த்துங்கள். விரலால் தட்டினால் பிளேடு அசைய வேண்டும், சுழலும்போது தானே நேராகிக்கொள்ளும். பெல்ட்டைச் சோதிக்க, மேல் ரோட்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வால் பிளேடை மெல்லத் திருகுங்கள். ‘டொக்’ என்று பல் தாவினால் பெல்ட் தொய்ந்திருக்கிறது. கடைசியில் செர்வோவின் வேகம். வாலுக்கென்று வேகமான செர்வோ செய்கிறார்கள். மிச்சமிருந்த சாதாரண செர்வோவை அங்கே போட்டால், கைரோவின் சேதி போய்ச் சேர்வதற்குள் பழைய பேப்பராகிவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஆடினால் கைரோவைச் சந்தேகியுங்கள். அதற்குள் பெரும்பாலும் குற்றவாளி அகப்பட்டிருப்பான்.

கே: நாய் வாலை நிமிர்த்த முடியாது என்கிறார்களே, ஹெலி வாலை? – வாசகர், கூலாய்

ப: முடியும். ஆனால் நிமிர்த்தாதீர்கள். விழுந்து வளைந்த டெயில் பூமைத் தட்டி நேராக்கினால் கண்ணுக்குத்தான் நேராக இருக்கும். புதுக் குழாய் போடுங்கள்.

கே: இரண்டு வாரம் இரவு கண்விழித்துப் பூட்டினேன். முதல் நாள் த்ரோட்டிலைத் தூக்கியதும் பம்பரம் மாதிரிச் சுற்றிக் கவிழ்ந்தது. எங்கே தப்பு? – வாசகர், கங்கார் பூலாய்

ப: முதலில் அனுதாபம். அடுத்து, மூன்று கேள்விகள்.

நம்மிடம் இருக்கும் மாடல்கள் பெரும்பாலும் மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் ரோட்டரைச் சுற்றுபவை. ரோட்டர் ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும், அதாவது மூக்கு இடப்பக்கம் ஓடும். அதைத் தடுத்து நிறுத்துவதே வால் ரோட்டருக்கு முழுநேர வேலை. அது தவறான பக்கம் தள்ளினால், தடுக்க வேண்டியவனே திருடனுக்கு ஏணி பிடித்த கதைதான்.

ஒன்று: மோட்டார் கம்பியைக் கழற்றிவிட்டு பேட்டரியைச் செருகுங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளி, ஸ்லைடர் எந்தப் பக்கம் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ஸ்டிக்கை விட்டுவிட்டு, ஹெலியைத் தூக்கி மூக்கைச் சட்டென்று இடப்பக்கம் திருப்புங்கள். ஸ்லைடர் அதே பக்கம் போக வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் கைரோவில் ரிவர்ஸ் சுவிட்ச் மாறியிருக்கிறது. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்டிக் திசையை ரிமோட்டில் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். கைரோவின் திசை தனி. ரிமோட்டில் எத்தனை முறை மாற்றினாலும் அதற்குக் காது கேட்காது.

இரண்டு: பெல்ட் ஹெலியென்றால், பூமுக்குள் பெல்ட் கால் சுற்று முறுக்கிப் போகும். முறுக்கை மாற்றிப் போட்டால் வால் ரோட்டர் பின்பக்கமாகச் சுற்றும். மேலே சொன்ன சோதனையில் எல்லாம் சரி என்றே காட்டும், த்ரோட்டிலைத் தூக்கினால் பம்பரம்! மேல் ரோட்டரைக் கையால் கடிகாரத் திசையில் சுற்றி, வால் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பூட்டும் கையேட்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

மூன்று: பிளேடின் உருண்ட விளிம்பு முன்னே போகிறதா? கூர் விளிம்பு முன்னே போனால் கழற்றித் திருப்பிப் போடுங்கள். தூக்கக் கலக்கத்தில் பூட்டியதாக நீங்களே ஒப்புக்கொண்டதால் இதைக் கேட்டேன்.

கே: தரையில் வைத்து ஸ்டிக்கைக் கொஞ்சம் தள்ளினால் ஸ்லைடர் ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. நடுவுக்குத் திரும்புவதில்லை. செர்வோ கெட்டதா? – வாசகர், பெர்லிங்

ப: செர்வோவுக்கு ஆயுசு நூறு. அது ஹெடிங் ஹோல்ட் மோட். பள்ளிக்கூடத்துக்கு எழுப்பும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். பையன் எழுந்திருக்கும்வரை விட மாட்டாள், குரல் ஏறிக்கொண்டேதான் போகும். ‘இவ்வளவு திரும்பு’ என்று ஸ்டிக் சொன்னது, தரையில் இருப்பதால் உடம்பு திரும்பவில்லை, கைரோ விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ரேட் மோட் என்பது அப்பா. ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். ரேட் மோடுக்கு மாற்றிப் பாருங்கள், ஸ்லைடர் சமர்த்தாக நடுவுக்கு வரும்.

கே: காலையில் நன்றாக இருந்த வால், மதியம் மெதுவாக ஒரு பக்கமாகவே நகர்கிறது. டிரிம்மைத் தட்டித் தட்டிக் கை வலிக்கிறது. – வாசகர், தாமான் யுனிவர்சிட்டி

ப: தட்டுவதை நிறுத்துங்கள். ஹெடிங் ஹோல்டில் டிரிம்மைத் தட்டினால், ‘மெல்லத் திரும்பிக்கொண்டே இரு’ என்று நீங்களே ஆணையிடுகிறீர்கள். பிறகு அது நகர்கிறது என்று அதன்மேலேயே புகார்.

நீங்கள் எழுதாமல் விட்டதை நான் ஊகிக்கிறேன். ஹெலி ஏர்கான் காரில் வந்தது. ஜொகூர் மதிய வெயிலில் இறக்கினீர்கள், உடனே பேட்டரி, உடனே பறப்பு. கைரோவுக்குள் இருக்கும் உணரி வெப்பம் மாறினால் தன் பூஜ்யத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும், பழைய கைரோக்களில் இது அதிகம். பத்து நிமிடம் நிழலில் வையுங்கள். பேட்டரி செருகிய பிறகு விளக்கு நிலையாகும்வரை தொடாதீர்கள், காற்று அடித்தால் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சில நொடிகளில்தான் ‘அசையாமல் இருப்பது என்றால் இதுதான்’ என்று அது கற்றுக்கொள்கிறது. அப்போது அசைத்தால் பாடமே தப்பு.

அப்புறமும் நகர்ந்தால், டிரிம், சப் டிரிம் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி, ரேட் மோடில் ஹோவர் செய்யுங்கள். வால் போகும் பக்கத்தைப் பார்த்து, இறக்கி, கம்பியின் நீளத்தை லிங்கைத் திருகி மாற்றுங்கள். ரேட் மோடிலேயே ஏறக்குறைய நிற்கும்வரை இதைச் செய்துவிட்டு, பிறகு ஹெடிங் ஹோல்டுக்குப் போங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்தவர் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. அதிர்வையும் பாருங்கள். ஒரு பேரிங் தேய்ந்தால் அந்த நடுக்கத்தையே திருப்பம் என்று கைரோ நம்பிவிடும்.

கே: வேகமாக மேலே ஏற்றினால் வால் ‘டபக்’ என்று விட்டுக்கொடுக்கிறது. கெய்னைக் கூட்டினேன், மாறவில்லை. – வாசகர், செனாய்

ப: மாறாது. கைரோ கேட்கிறது, வாலிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. ஏறும்போது ரோட்டருக்குச் சுமை கூடும், சுற்று குறையும். வால் அதே சக்கரத்தில் பூட்டப்பட்டது, ரோட்டரின் சுற்றைப்போல நாலு மடங்குக்கு மேல் சுற்றுவது, அதுவும் சேர்ந்து குறையும். தள்ளும் விசை சுற்றின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. சுற்று 10 சதவிகிதம் விழுந்தால் வாலின் பலத்தில் 19 சதவிகிதம் போய்விடும், சரியாக உங்களுக்கு அது அதிகம் தேவைப்படும் அந்த நொடியில். வயதான பேட்டரியா, தொய்ந்த பெல்ட்டா, கைரோவில் லிமிட்டைக் குறைத்து வைத்து ஸ்லைடரை முழுதாக ஓடவிடாமல் கட்டிப்போட்டிருக்கிறீர்களா? மூன்றும் சரியென்றால், கொஞ்சம் நீளமான வால் பிளேடு போடுங்கள்.

கே: ஸ்கூடாயில் இதையெல்லாம் முறையாகத் தெரிந்தவர் யாருமே இல்லையா? – வாசகர், தாமான் ஸ்ரீ பூலாய்

ப: என்ன கேள்வி இது! உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நம் வாயில் யூடிஎம், இருக்கிறது. அங்கே ஒரு காற்றுச் சுரங்கம்: சோதனை அறை 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம், காற்று நொடிக்கு 80 மீட்டர்வரை வீசும், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர். அந்தப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹெலிகாப்டர் மாதிரியை வைத்து ஆராய்ந்தவற்றில் ஒன்று, நம்புங்கள், வால் நடுக்கம். நாம் திடலில் திட்டிக்கொண்டிருப்பதைச் சிலர் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறார்கள்.

அவர்களுடையது நம்முடையது அல்ல, கைரோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரிய ஹெலிகாப்டர் முன்னோக்கிப் பறக்கும்போது, மேலே ரோட்டர் பூட்டியிருக்கும் குமிழைக் கடக்கும் காற்று கலைந்து, சுருள் சுருளாகப் பின்னால் போய் வாலில் மோதுகிறது. வால் நடுங்குகிறது, விமானி அறைவரை அது தெரிகிறது. மருந்தை வாலில் தடவிப் பயனில்லை, குமிழுக்கு மூடி செய்வது போன்ற வேலைகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நோவு வாலில், நோய் தலையில். நம்முடைய முதல் வாசகரின் நண்பருக்கு இந்த வரியை யாராவது காட்டுங்களேன்.

கே: பேரனுக்குப் பசார் மாலாமில் ஒரு குட்டி ஹெலி வாங்கிக் கொடுத்தேன். வால் காற்றாடி படுத்துக்கிடக்கிறது, ஹெலி தானாகச் சுற்றுகிறது. நிமிர்த்திப் பூட்டட்டுமா? – தாத்தா, மாசாய்

ப: வேண்டாம் ஐயா, அது படுத்தபடிதான் இருக்க வேண்டும். மேலே இரண்டு ரோட்டர்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றுகின்றன, திருப்பம் அதிலேயே ரத்தாகிவிடும். வால் காற்றாடி முன்னே பின்னே சாய்க்க மட்டும். ரிமோட்டில் டிரிம் குமிழ் இருக்கும், மெல்லத் திருகுங்கள். கேட்கவில்லையென்றால் தண்டில் தலைமுடி சுற்றியிருக்கிறதா பாருங்கள். பாட்டியின் முடியாக இருந்தால் பாட்டியிடம் சொல்ல வேண்டாம்.

கே: நடிகர் அஜித் ரேடியோ ஹெலி ஓட்டுவாராமே, நிஜமா? – ரசிகை, தாமான் ஸ்கூடாய்

ப: நிஜம். பைக், காரோடு நிற்காமல் இந்தப் பைத்தியமும் அவருக்கு உண்டு. சென்னை குரோம்பேட்டை எம்ஐடியின் ‘தக்‌ஷா’ மாணவர் அணிக்கு ஆலோசகராக இருந்தார். அந்த அணி 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அவர் ஹெலி வாலாட்டினால் என்ன செய்வார் என்று கேட்காதீர்கள். நம்மைப்போல்தான், கெய்னைக் குறைப்பார்.

கே: நிஜ ஹெலிகாப்டருக்கும் வால் இப்படிப் போகுமா? – வாசகர், பத்து பகாட்

ப: போயிருக்கிறது. 2018 அக்டோபர் 27, லெஸ்டர் சிட்டி கால்பந்துக் குழுவின் உரிமையாளர் போன ஏடபிள்யூ169. அரங்கத்திலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் வலப்பக்கம் சுற்றி விழுந்தது, ஐவரும் இறந்தார்கள். 2023-இல் வெளிவந்த பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சுட்டியது வால் ரோட்டர் இயக்கத்தில் இருந்த ஒரு பேரிங்கை. அது இறுகிப் பிடித்ததில் விமானியின் பெடலுக்கும் வாலுக்கும் இருந்த தொடர்பே அறுந்துபோனது. அந்த ரோட்டர் நம் மாடல்களுக்கு எதிர்த்திசையில் சுற்றுவது, அதனால்தான் வலப்பக்கம்.

கே: எங்கள் தாமான் திடலில் பறக்கவிடலாமா? மாலையில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், ஓரமாக நின்றுதான் பழகுவேன். – வாசகர், முத்தியாரா ரினி

ப: கூடாது. இதில் வேடிக்கை இல்லை. 450 ரோட்டரின் குறுக்களவு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று வைத்தால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் நாம் போகலாம் என்று விட்டிருப்பது 110. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பூங்காவில், இதைவிடப் பெரிய மாடலை ஓட்டிய 19 வயது இளைஞர் தன் ஹெலியின் பிளேடு பட்டே இறந்தார், அவர் அனுபவசாலி. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகும் அந்தத் திடல் வேண்டாம், சுற்றிலும் வீடுகள். தவிர, வடக்கே செனாய் விமான நிலையம் இருக்கிறது. விமான நிலையத்தைச் சுற்றிய வான்வெளிக்கும் 400 அடிக்கு மேலான உயரத்துக்கும் சிவில் வான் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். வால் கையை மீறியதும் விரல் போக வேண்டிய இடம், மோட்டாரை நிறுத்தும் த்ரோட்டில் ஹோல்ட் சுவிட்ச். ஹெலி போகட்டும், பாகம் கடையில் கிடைக்கும்.

கே: பழைய கைரோ ஏதாவது விலைக்கு இருக்கிறதா அண்ணே? – வாசகர், கேலாங் பாத்தா

ப: மூன்று இருக்கிறது தம்பி. மூன்றும் ஒரே வாலாட்டத்தை நிறுத்த நான் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கியவை. நாலாவதற்கு ஆர்டர் கொடுக்கப் போன அன்றுதான், பூமில் வால் செர்வோவைப் பிடித்திருக்கும் கிளாம்பின் ஒரு திருகாணி தளர்ந்திருப்பதைப் பார்த்தேன். அதை இறுக்க அரை நிமிடம் ஆனது. மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன, வாங்கிய விலையில் பாதிக்குத் தருகிறேன். வருமுன் உங்கள் கிளாம்பை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.