இருபத்தேழுங்க, அறுபத்து நாலுங்க!

மதுக்கரையில் யானை தண்டவாளத்தை நெருங்கினால் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். எட்டிமடை – வாளையார் பாதையில் ரயிலில் அடிபட்டு யானைகள் சாவதைத் தடுக்க, வனத்துறை 2024 பிப்ரவரியில் 7.24 கோடி ரூபாய் செலவில் 12 கோபுரங்களை நிறுத்தி, செயற்கை நுண்ணறிவைக் காவலுக்கு வைத்தது. கும்மிருட்டிலும் அது யானையைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். அதே ஊரில், வெட்டவெளிச்சத்தில் வேபிரிட்ஜ் மேல் நிற்கும் பத்துச் சக்கர லாரியின் எடையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிப் புரியவைக்க, ஓர் இன்ஜினியர் தம்பி மேஜைக்கடியில் படுத்துக் கிடக்கிறார்.

1934இலேயே சிமென்ட் ஆலை வந்த ஊர் இது. சுண்ணாம்புக் கல்லோ ஜல்லியோ எம்-சாண்டோ, எதை ஏற்றினாலும் முதலில் காலி எடை, அப்புறம் லோடு எடை. வேபிரிட்ஜ் அறையில் சிவப்பு எண்கள் மின்னும் இண்டிகேட்டர் பெட்டி, அதன் முதுகில் சீரியல் போர்ட். அந்த போர்ட்டின் ஆர்எஸ்-232 தரம் வந்தது 1960இல். தம்பி எழுதும் பைத்தான் மொழி வெளியானது 1991இல். தம்பி அதற்கும் பிந்தியவர். யார் யாருக்கு அனுசரித்துப் போக வேண்டும் என்பது இதிலேயே முடிவாகிவிடுகிறது.

லேப்டாப்பில் சீரியல் போர்ட் கிடையாது. யுஎஸ்பி மாற்றி ஒன்று வாங்க வேண்டும். சில பழைய சிப்புகளைச் செருகினால், இந்த ரகம் 2012லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று விண்டோஸே ஒரு வரி காட்டும். விற்றவர் கிராஸ்கட் ரோட்டு நடைபாதையில் குடைக்குக் கீழே இருந்தார்; இப்போது அங்கே இளநீர் விற்கிறார்கள். இணைப்பில் இன்னொரு கூத்து: 2ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் சில பெட்டிக்கு மாற்றிக் கட்ட வேண்டும், சில பெட்டிக்கு மாற்றக் கூடாது. எது எந்தப் பெட்டி என்பது கட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும்.

பைசீரியல் நூலகம் இருப்பதால் கோடு என்னவோ நாலே வரிதான். தம்பி 9600 வேகம், எட்டு பிட், பாரிட்டி இல்லை என்று வழக்கமானதைப் போட்டார். 24,780 கிலோ லாரி ஏறியது. திரையில் நாலு கிறுக்கல், கடைசியில் ஒரு பூஜ்யம்.

“ஏனுங் தம்பி, இருபத்தஞ்சு டன்னுக்கு இத்துனூண்டு முட்டையப் போட்டுக் காட்டுதுங்களே?” என்றார் வேபிரிட்ஜ்காரர்.

“அதுவே இருக்கட்டுங்ணா, ஓவர்லோடு கேசு வராது” என்றார் டிரைவர்.

அடுத்த லாரி 35,690 கிலோ. ஒரு இலக்கம்கூடப் பிசகாமல் வந்தது! இங்கேதான் பேய் பிடித்ததோ என்று சந்தேகம் வரும். பேயெல்லாம் இல்லை. அந்தப் பெட்டி பேசுவது ஏழு பிட், ஈவன் பாரிட்டி. ஒவ்வொரு எழுத்திலும் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எட்டாவதாக ஒரு ஒன்றைச் சேர்த்துவிடும். 0, 3, 5, 6, 9 ஆகியவற்றில் ஏற்கெனவே இரட்டைப்படைதான், ஆகவே நல்லபடி வந்து சேர்ந்தன. 1, 2, 4, 7, 8 மட்டும் வழியில் வேஷம் மாறின. இதைத் திருத்தினாலும் நிம்மதி கிடையாது: எடையைக் கடைசி இலக்கத்திலிருந்து திருப்பி அனுப்பும் இண்டிகேட்டர்களும் புழக்கத்தில் உண்டு. 13,500 கிலோ அங்கே 531 என்று வந்து நிற்கும்.

பெட்டியோ யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் விநாடிக்குப் பல முறை எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆகவே தம்பியின் நிரலில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். வரி முழுசாக வரட்டும், லாரி ஆடி நிற்கட்டும், டிரைவர் இறங்கட்டும்.

பக்கத்துக் குறிச்சி சிட்கோ பக்கம் பழைய சிஎன்சி மெஷின்களுக்கு நிரலைச் சொட்டுச் சொட்டாக ஊட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். அங்கே மெஷின் 19 என்று அனுப்பினால் பொறு என்று அர்த்தம், 17 என்றால் ம், மேலே சொல்லு. காகித நாடாவில் ஓட்டை போட்டுப் படித்த டெலிபிரிண்டர் காலத்து ஜாடை அது.

எடை வந்தாயிற்று, இனி சீட்டு. டிரைவருக்கு ஒன்று, பார்ட்டிக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று. ஒரே அடியில் மூன்று நகல் விழ வேண்டுமென்றால் காகிதத்தைக் குத்தி எழுதுகிற டாட் மேட்ரிக்ஸ்தான் கதி. லேசர் பிரிண்டர் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டினாலும் கார்பனுக்குக் கீழே அதன் ஜம்பம் செல்லாது.

எப்சன் வகுத்த கட்டளை முறையில், பெரும்பாலான கட்டளைகளுக்கு முன்னால் 27 என்ற எண்ணைச் சொல்ல வேண்டும். 27, 64 என்றால் பிரிண்டர் பழசையெல்லாம் மறந்து புதிதாக உட்காரும். 27, 69 என்றால் தடித்த எழுத்து. 27, 70 அனுப்பி அதை நிறுத்த மறந்தால் அதன்பின் வரும் எல்லா லாரிகளுக்கும் தடித்த எழுத்துதான். ஓட்டலில் பில் அடிக்கும் இன்றைய தெர்மல் பிரிண்டர்களில் பலவும் அந்த 27, 64க்கே பணிகின்றன.

தம்பிக்குத் தமிழ்ப் பற்று. சீட்டில் ஊர்ப் பெயர் தமிழில் வரட்டும் என்று ‘மதுக்கரை’யை அப்படியே அனுப்பினார். கண்ணுக்கு ஐந்தெழுத்து, யுனிகோடில் எட்டுக் குறி, யுடிஎஃப்-8இல் 24 பைட். ஒவ்வொரு குறியும் 224 என்ற பைட்டில் தொடங்கும். பழைய ஐபிஎம் அட்டவணையில் 224ஆம் இடத்தில் உட்கார்ந்திருப்பது கிரேக்க ஆல்ஃபா. பிரிண்டர் எட்டு ஆல்ஃபாக்களை, நடுநடுவே சில்லறைக் குறிகளோடு, கர்மசிரத்தையாக அடித்துக் கொடுத்தது. டிரைவர் அதை மலையாளம் என்று நினைத்து, “வாளையார் தாண்டினா உபயோகப்படுமுங்க” என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு எழுத்தைப் படமாக வரைந்து, எட்டுப் புள்ளி உயரப் பட்டைகளாக நறுக்கி, 27, 42 என்ற படக் கட்டளையோடு அனுப்பினார் தம்பி. மேல் பட்டை ஓர் ஓட்டம், நடுப்பட்டை ஓர் ஓட்டம், கொம்பும் காலும் இன்னோர் ஓட்டம். சீட்டு முழுக்கத் தமிழ், அழகான தமிழ். பிரிண்டரின் தலை இடமும் வலமுமாகக் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. வேபிரிட்ஜ்காரர் சன்னலில் எட்டிப் பார்த்தார். ரோடு வரைக்கும் லாரி வரிசை, ஆளுக்கொரு ஹாரன்.

“நல்லா இருக்குதுங் தம்பி. இங்கிலீசுலயே உட்டுருங்க.”