மாறாதே மாப்ளே!

வேணாம் மாப்ளே, லினக்ஸு கினக்ஸுன்னு எதுக்கும் மாறித் தொலைக்காதே. மாமன் சொல்றேன் கேளு. கடையில கூட்டம் சேந்தா, "வைரஸ் வந்துருச்சு, நாளைக்கு வாங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவே. நாளப்பின்ன அதுவும் இல்லாமப் போச்சுன்னா, என்னத்தச் சொல்லி எந்திரிப்பே?

நாலு கம்ப்யூட்டர் பொட்டி வெச்சிருக்க, நாலுலயும் விண்டோஸு. ஒண்ணுக்காச்சும் காசு குடுத்தியா? "இது ஒரிஜினல் இல்லை"ன்னு திரை ஓரத்துல அதுவே எழுதிக் காட்டுது. நீ அதும்மேல ஸ்டிக்கர ஒட்டி, "முத்துமாரி துணை"ன்னு எழுதி வெச்சிருக்க. களவுப் பொருளுக்கு ஆத்தாளையா காவல் வெக்கிறது?

விண்டோஸ் பத்துக்கு வழக்கமாக் குடுத்துக்கிட்டிருந்த பாதுகாப்பு மருந்தை 2025 அக்டோபர் 14ஓட நிப்பாட்டிட்டாக. பதினொண்ணுக்குப் போகணும்னா பொட்டிக்குள்ள டி.பி.எம். 2.0ன்னு ஒண்ணு இருக்கணுமாம். உன்னோட பொட்டியில அது இல்லை. நல்லா ஓடுறதைக் கடாசிட்டுப் புதுசு வாங்கணும். நாப்பது வருசம் உளி புடிச்ச கையிடா இது. எந்தக் கொல்லனும் எங்கிட்ட வந்து, "ஐப்பசியோட இந்த உளி வெட்டாது"ன்னு சொன்னதில்லை. மொனை மழுங்கினா ஒலையில வெச்சுத் தட்டிக்குவோம், அம்புட்டுத்தான்.

பொட்டியை வெச்சுக்கிட்டு உள்ள இருக்குறதை மட்டும் மாத்துறது நம்ம ஊருக்கு என்ன புதுசா? மேலமலைக்கு ஏறிப் பாரு. சமணர் குடகுன்னுதான் பேரு. உள்ள நிக்கிறது பன்னெண்டு பெருமாளு. அதே மலை, அதே குகை, உள்ள இருக்குறவுகதான் மாறினாக. இடமாத்தத்துக்காக யாரும் மலையைத் தூக்கிப் பழைய இரும்புக் கடையில போடலை.

எனக்கெப்படி இம்புட்டும் தெரியும்ங்குறியா? ஒங்கடைக்கு வர்ற காலேஜுப் புள்ளைக பேசுறது திண்ணையில இருக்குற எங்காதுல விழுகுது. நீதான் ஹெட்போனை மாட்டிக்கிட்டிருக்க. நம்ம அரசாங்கத்து எல்காட்டுல, 2007 வாக்குல உமாசங்கர்ங்குற ஐ.ஏ.எஸ். இருந்தப்ப, ஆபீஸ் கம்ப்யூட்டருகளையே சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாத்தினாக. பக்கத்துல மலையாளத்துப் பள்ளிக்கூடத்துல பத்தாப்புப் புள்ளைக கம்ப்யூட்டர் பரீட்சையே லினக்ஸுல எழுதுது. அதுகளுக்கு என்ன, கைக்கு ஆறு வெரலா?

ஒந்தங்கச்சிக்கு வந்த இலவச மடிக்கணினியை மறந்துட்டியா? 2011ல ஆரம்பிச்ச திட்டம். ஒரு பக்கம் விண்டோஸு, மறுபக்கம் சென்னை சி-டாக்குல செஞ்ச பாஸ் லினக்ஸு. பேரே பாஸு. நீ என்ன பண்ணுன? வந்த அன்னிக்கே முதலாளியை வெளிய தள்ளிட்டு, அந்த எடத்துல சினிமாப் படத்தை ரொப்புன.

"ஓசியில குடுக்குறதுல என்ன மாமா தரம் இருக்கும்?"னு கேக்குற. களவுல வந்ததுக்குத் தரம் பாத்தியாக்கும்! கேளு. ஓப்பன் ஆபீஸு சன் கம்பெனி கையில இருந்துச்சு. 2010ல சன்னை ஆரக்கிள் வாங்குச்சு. இனி இது என்ன ஆகுமோன்னு, வேலை செஞ்சவுகள்ல பல பேரு அதே நிரலை எடுத்துக்கிட்டுத் தனியாப் போயி, அந்த செப்டம்பர்லயே லிப்ரே ஆபீஸுன்னு கொடி நட்டாக. உள்கட்டு பூராத் தெறந்து கெடந்ததால அது முடிஞ்சுச்சு. நம்ம விசயாலய சோழீச்சரமும் அப்படித்தான்டா. கட்டுனவரு சாத்தன் பூதி. மழையும் இடியும் அடிச்சுக் கோயில் சிதைஞ்சப்ப, எடுத்துக் கட்டுனவரு மல்லன் விடுமன். வாசல் காவக்காரரு காலடியில ரெண்டு பேரு பேரையும் வெட்டி வெச்சிருக்காக.

அந்த எழுத்து ஆயிரம் வருசமாப் படிக்கக் கெடக்குது. நீ போன பங்குனிக்கு அடிச்ச நோட்டீஸு? இந்த வருசத்துக்குத் தேதியை மட்டும் மாத்துவோம்னு புதுக்கோட்டை அச்சாபீசுக்குக் கொண்டுக்கிட்டுப் போனேன். தெறந்தா, ஆத்தா பேரு இருந்த எடத்துல இங்கிலீசும் கொக்கியும் நிக்குது! நீ எந்தக் காலத்துப் பழைய ஃபான்டுலயோ அடிச்சிருக்க. அது ஒம்பொட்டியில மட்டுந்தான் தமிழு. 2010லயே, கோவை செம்மொழி மாநாட்டப்ப, யூனிகோடுதான்னு அரசாங்கம் சொல்லியாச்சு. ஒனக்கு இன்னும் சேதி வரலை. பொட்டி எது வேணா இருந்துட்டுப் போகுது மாப்ளே. அடிச்ச எழுத்து அடுத்தவன் கையில தெறக்கலைன்னா அது எழுத்தா?

மாறுனவுக எல்லாரும் நெலைச்சாகன்னு பொய் சொல்ல மாட்டேன். ஜெர்மனியில மியூனிக் நகராட்சி 2003ல லினக்ஸுக்குன்னு தீர்மானம் போட்டு, 2017ல விண்டோஸுக்கே திரும்புறோம்னு போட்டுச்சு. அதனால எடுத்தவுடனே தலைகீழாக் குதிக்காதே. மொதல்ல இருக்குற விண்டோஸுலயே லிப்ரே ஆபீஸப் போட்டு மூணு மாசம் பழகு. பழைய நோட்டீஸயெல்லாம் யூனிகோடுக்கு மாத்தி, ரெண்டு எடத்துல நகல் வெய்யி. பெறகு லினக்ஸ ஒரு பென்டிரைவுல ஏத்தி, அதுலருந்தே பொட்டியை ஓட்டிப் பாரு. உள்ள இருக்குற எதையும் தொடாது. பொண்ணு பாக்கப் போற மாதிரிதான். புடிக்கலைன்னா பஜ்ஜியைத் தின்னுட்டு வந்துரலாம். பிரிண்டரு பேசுதா, கைரேகை மெஷினு கண்ணு முழிக்குதான்னு அங்கயே பாத்துக்க. ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன் கோரல் டிராவுலதான் கேப்பான். அதுக்கு ஒரு பொட்டியை விண்டோஸுலயே விட்டுரு. ஆனா அதுக்குக் காசு குடுத்து வாங்கு. ஆத்தாளுக்குக் காவல் வேலை மிச்சம்.

இந்தா, இந்த வருசத்து நோட்டீஸு. யூனிகோடுல புதுசா அடி. அடியில ஒரு ஓரமா, "இடிந்ததைத் திருப்பணி செய்தவர்"னு ஒம்பேரையும் போட்டுக்க. இடிச்சது யாருன்னு ஊருல கேட்டா, மழைன்னு சொல்லிக்கலாம்.