க்யூவின் வால்: மருத்துவமனைக் குழூஉக்குறிகள் குறித்து ஓர் இலக்கண ஆய்வு

பிரிட்டன், அமெரிக்க மருத்துவமனைகளில் வழங்கும் கேலிச் சுருக்கங்களை நோயாளியை இழிவுபடுத்தும் பேச்சு என்று ஒதுக்குவோர் நன்னூல் படிக்காதவர்கள். ஒன்றை அதற்குரிய சொல்லால் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்வதைப் பவணந்தியார் தகுதி வழக்கு என்றே பெயரிட்டு, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது தகுதியானால் அவசரப் பிரிவு மருத்துவர் பேசுவதும் தகுதியே என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆங்கிலத்துக்கு நன்னூல் செல்லுமா என்பீர்கள். செல்லாது என்று நன்னூலில் எங்கும் இல்லை.

இடக்கரடக்கலுக்கு ‘கோட் பிரௌன்’ ஒன்று போதும். நிறத்தைச் சொன்னதே அதிகம். மங்கலத்தில்தான் சிக்கல். நினைவின்றி வாய் பிளந்து கிடப்பவரிடம் தெரிவது ‘ஓ குறி’. நாக்கும் வெளியே தொங்கினால் ‘க்யூ குறி’. முன்னதிலிருந்து மீளலாம், பின்னதிலிருந்து மீள்வது அரிது என்பது மரபு. ஆனால் க்யூவின் வால் வலப்பக்கம் விழுவது. நாக்கு மறுபக்கம் சரிந்தவர் க்யூவா, அல்லரா? எழுத்தில் வலம் என்பது பார்ப்பவரின் வலம். மருத்துவத்தில் நோயாளியின் வலம். ஆகவே கால்மாட்டில் நிற்பவருக்கு, நோயாளியின் இடக் கடைவாயில் நாக்குத் தொங்கினால்தான் க்யூ. தலைமாட்டில் நிற்கும் மயக்க மருத்துவருக்கோ அதே முகம் கொம்பு முளைத்த ஓ. யாரும் இதுவரை எழுதாத ‘நாத்தொங்கல் தீபிகை’ (மூன்றாம் தொகுதி, 412ஆம் அடிக்குறிப்பு) கால்மாட்டின் பக்கம். அதைக் கண்டிக்கும் ‘தீபிகை மறுப்பு’ம், மறுப்பின் பிழை திருத்தப் பட்டியலுக்கு எழுந்த விருத்தியுரையும் தலைமாட்டின் பக்கம். இம்மூன்றும் எங்கும் கிடைக்கா. கிடைக்காத நூலை மேற்கோள் காட்டுவது நம் ஆய்வுலகுக்குப் புதிதன்று.

எஞ்சிய குழூஉக்குறி, வெளியாருக்குப் புரியாதவரைதான் வாழும். ‘டிடிஎஃப்ஓ’ என்றால், நாகரிகமாகச் சொல்வதானால், ‘போய்த் தொலையச் சொன்னோம்’. நோயாளியின் குறிப்பில் இதை எழுதிய பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவர், நீதிபதி பொருள் கேட்டபோது ‘வாய்வழியாக நீராகாரம் கொடுக்கவும்’ என்று விரித்துத் தப்பினார் என்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்துகள் ஒன்றே; சிலேடை கவிக்குப் பொற்கிழி தந்ததுண்டு, மருத்துவருக்கு வேலையையே காத்துத் தந்திருக்கிறது. இது ஏமாற்று அல்லவா என்பது நியாயமான மறுப்பு. சட்டமும் அப்படித்தான் நினைத்தது போலும். தன் மருத்துவக் குறிப்பைத் தானே படிக்கும் உரிமையை 1990ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டன் நோயாளிக்குத் தந்தது. குறிப்பேட்டில் இருந்தது நாவுக்குக் குடிபெயர்ந்தது.

இத்தனை அற்ப விஷயத்துக்கு ஆய்வா என்று கேட்போருக்கு ஒரே பதில். மருத்துவமனைகளில் ‘இன்று கூட்டமில்லை, அமைதி’ என்று வாய்விட்டுச் சொன்னால் வேலை வந்து குவியும் என்பது நம்பிக்கை. அமைதியைக் குறிக்கும் ‘க்வயட்’ என்ற சொல்லையே விலக்குவார்கள். இதைச் சோதித்த ஆய்வு 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 61 நாள்களைக் குலுக்கலில் பிரித்து, 29 நாள் சொல்லியும் 32 நாள் சொல்லாமலும் பார்த்ததில் வேலைப்பளு கூடவில்லை. அச்சொல்லின் முதலெழுத்தும் க்யூதான். வால் எந்தப் பக்கம் என்பதை மட்டும் அவர்கள் பிறர் ஆய்வுக்கு விட்டுவிட்டார்கள்.