பனித்துளிக்குக் குடை பிடித்தவன்

குளவியைப் படம் எடுக்கப் போன கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன சனிக்கிழமை வயிற்றெரிச்சல் முந்திக்கொண்டு வருகிறது. குளவி எங்கே போய்விடப் போகிறது, அப்புறம் சொல்கிறேன்.

சனிக்கிழமை விடியற்காலை பசறை வீதியில் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஒரு தோட்டத்து முடக்கில் இறங்கி, தேயிலைச் செடி ஒன்றின் முன்னால் குப்புறப் படுத்துக் கிடந்தேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்களும் படுத்தவர்தான். உங்கள் போனிலும் நாற்பது எறும்புப் படங்கள் இருக்கும், அதில் முப்பத்தொன்பதில் எறும்பு இருக்காது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பனித்துளி. கொழுந்தின் நுனியில், விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் துளி. வந்த மாதமோ ஆகஸ்ட். கச்சான் காற்று செடியைப் பிடித்து உலுக்குகிறது. காற்றடிக்கிற இரவில் பனி இறங்காது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். படிப்பித்தவனுக்குப் பாடம் ஏறவில்லை. அந்தக் காற்றும் சாதாரணக் காற்றல்ல. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அது இலையை வாட்டி எடுப்பதால்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த வாசம். சீமைக்காரன் காசு கொடுத்து வாங்குகிற அதே காற்றுதான் என் படத்தைக் கலக்கிவிடுகிறது.

ஒரு மணித்தியாலம் படுத்திருந்தேன். சட்டைக்குள் அட்டை ஏறியதுதான் மிச்சம். அப்போதுதான் அந்தப் பிள்ளை வந்தான். எல்லவுக்கு ரயிலேறி வருகிற கொழும்புப் பிள்ளைகளில் ஒருவன். பையிலிருந்து போத்தலை எடுத்தான். சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிப்பார்களே, அதே போத்தல். புஸ், புஸ் என்று ரெண்டு அடி. கொழுந்தெல்லாம் பனித்துளி.

"அங்கிள், கொஞ்சம் இந்தக் குடையைப் புடிக்கிறீங்களா? காத்தடிக்குது."

பிடித்தேன். அதுதான் ஆறவே இல்லை.

பனித்துளி பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். படம் எடுக்கிறவர்கள் கையில் பனித்துளி படுகிற பாடு வேறெதுவும் படவில்லை. தண்ணீர் அடித்த துளி சீக்கிரம் காய்ந்துவிடும் என்று பார்மசியில் கிளிசரின் வாங்கிக் கலக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெயிலானாலும் போகாது, பகல் பன்னிரண்டு மணிக்கும் விடியற்காலைத் துளிதான். துளிக்குப் பின்னால் செவ்வந்திப் பூ ஒன்றைக் கம்பியில் குத்தி வைத்தால் துளிக்குள் பூ தலைகீழாகத் தெரியும். அப்படி எடுத்தவர் அதை 'இயற்கையின் அதிசயம்' என்று போடுவார். கம்பியைப் பற்றி வாய் திறக்கமாட்டார். இன்னும் சிலர் பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து, விறைத்த பிறகு எடுத்து இலையில் உட்காரவைத்து, அதன் தலையிலும் நாலு துளி வைக்கிறார்கள். பூச்சி தியானம் செய்கிறதாம். பாவம், அதற்குக் குளிர். ஒருவர் சிலந்தி வலையில் துளிகளைக் கோத்து 'முத்துமாலை' என்று அனுப்பினார். அதையே மறுநாள் அவருடைய மைத்துனர் எனக்கு அனுப்பினார். அதற்கு மறுநாள் என் மகள் அனுப்பினாள். நானும் ரெண்டு பேருக்கு அனுப்பினேன், பொய் சொல்லக்கூடாது.

இந்தத் துளியைக் கொழுந்தெடுக்கிற பொம்பளையிடம் காட்டிப் பாருங்கள். தை மாதப் பனியில் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குள் இறங்கினால், பத்து நிமிஷத்தில் இடுப்புக்குக் கீழே ஈரம். அது போகட்டும். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கழிப்பார்கள். முந்நூறு லைக் வாங்குகிற துளிக்கு நிறுவையில் பெயர் 'தண்ணி'. அது கிலோவில் போகும். ஒரு துளிக்கு எத்தனை கிராம் என்று ஒருநாள் கணக்குப் போட உட்கார்ந்தேன். மனைவி, "மொதல்ல கரண்டு பில்லுக்குக் கணக்குப் போடுங்க" என்றாள். துளி அத்தோடு நின்றது.

தொழில் நுணுக்கம் கொஞ்சம் சொல்லாவிட்டால் இவனுக்கு ஒன்றும் தெரியாது என்பீர்கள். மேக்ரோ என்றால் பெரியது. எடுப்பதோ எறும்பை. நிக்கோன்காரர்கள் மட்டும் அதே லென்ஸுக்கு மைக்ரோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதாவது சின்னது. லென்ஸ் விற்கிறவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. என்னிடம் ரெண்டும் இல்லை. பழைய 50 மில்லிமீற்றர் லென்ஸைப் பின்பக்கம் முன்பக்கமாகத் திருப்பி, வளையம் போட்டு மாட்டியிருக்கிறேன். எறும்பு யானையாகும். ஆனால் எறும்புக்கும் லென்ஸுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான். அதில் தெளிவாக விழுகிற ஆழம் ஒரு மில்லிமீற்றர் அளவு. கண் தெளிந்தால் கால் கலங்கும். காலைத் தெளியவைப்பதற்குள் எறும்பு வீட்டுக்குப் போயிருக்கும். லெவன் பிஸ் என்ற பிரித்தானியர் ஒரு பூச்சிக்கு 8,000 படங்களுக்கு மேல் எடுத்து ஒன்றாக அடுக்குகிறார். அவருக்கென்ன, ஆக்ஸ்ஃபோர்ட் அருங்காட்சியகத்துப் பூச்சி, செத்து எத்தனையோ காலம். பதுளைப் பூச்சிக்கு உயிர் இருக்கிறது, வேலையும் இருக்கிறது.

என் படங்கள் கலங்கலாக இருக்கின்றன என்று வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம் ஜூலியா மார்கரெட் கமரனை இழுப்பேன். ஃபோக்கஸ் சரியில்லை என்று இங்கிலாந்தில் ஏச்சு வாங்கிய அம்மா. 1875இல் இலங்கைக்கு வந்து, தோட்டத்து ஆட்களையும் படம் எடுத்து, 1879இல் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடங்கியிருக்கிறார். இன்று அந்தக் கலங்கலைத்தான் கலை என்கிறார்கள். "அப்ப நீங்களும் அடங்கின பிறகு பாப்போம்" என்றாள் மனைவி.

குளவிக்கு வருகிறேன். அதற்கு முன் தேயிலைப் பூ.

வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் கேசரம், கிட்டப்போனால் லேசான வாசம். மேக்ரோவுக்கென்றே பூத்தது போல இருக்கும். ஒருமுறை அதன் முன்னால் நான் படுத்திருப்பதைப் பார்த்து, மயங்கி விழுந்துவிட்டேன் என்று கொழுந்தெடுக்கும் அக்காமார் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தார்கள். பூவைக் காட்டினேன். வயதான அம்மா ஒருத்தி முகத்தைச் சுளித்தார். "இதையா சேர் புடிக்கிறீங்க? ஒழுங்கா கொழுந்தெடுத்த மலையில பூ எங்க பூக்கும்? ஆளில்லாம காடாப் போன மலை சேர் இது. இந்த மலையில ஒரு காலத்துல அறுபது பேரு நெரை புடிச்சோம்."

அந்தப் படம் என் படங்களிலேயே அதிகம் பேருக்குப் பிடித்தது. 'அழகு', 'அருமை', 'எங்க ஊர் பசுமை' என்று கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் பூங்கொத்தாக வந்தது. அந்த அம்மா சொன்னதைக் கீழே எழுதிப் போட்டேன். அதற்கு ஒருவர் கும்பிடு போட்டிருந்தார். மற்றவர்கள் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னதைக் கிட்டப் பார்ப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி தெரிந்தது. இலை பேராதனைப் பூங்காவுக்குப் போய், அங்கிருந்த த்வெயிட்ஸ் இங்கிலாந்திலிருந்த பெர்க்லிக்கு அனுப்பினார். நுண்நோக்கியில் பார்த்தால் ஒரு பக்கம் வழவழப்பும் மறுபக்கம் சொரசொரப்புமான வித்துகள். அந்தப் பாதி வழவழப்புக்கு ஹெமிலியா என்றும், அது செய்யும் அழிவுக்கு வாஸ்டாட்ரிக்ஸ் என்றும் பெயர் வைத்தார்கள். பெயர் பலித்தது. இருபது வருஷத்துக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. கோப்பிக்கென்று கடல் தாண்டி வந்த நம்மாட்களின் வழிவந்தவர்கள் கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள். ஒரு பொடியை நுண்நோக்கியில் பார்த்து அவர்கள் அவ்வளவு தெரிந்துகொண்டார்கள். நான் எறும்பின் மீசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அந்தப் பிள்ளை படத்தை அனுப்பியிருந்தான். குடை பிடித்ததற்கு நன்றியாம். ஏற்கெனவே தொள்ளாயிரம் பேருக்குப் பிடித்துவிட்டதாம். குறை கண்டுபிடிக்கலாம் என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலை தெளிவு, நரம்பு தெளிவு. துளிக்குள் போனேன். அங்கே ஒரு ஆள் தலைகீழாக நிற்கிறான். சட்டையில் ரத்தக்கறை. கையில் குடை.

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இதுலயாவது தெளிவா விழுந்திருக்கீங்க" என்றாள்.